உருட்டிப் பார்க்காத காசு

காசு கையில் இருக்கும்போது பேசக் கூடாது, இந்த அறையில் அதுதான் முதல் விதி, பேசினால் எச்சில் தெறிக்கும், கண்ணுக்குத் தெரியாத துளிதான், இன்று ஒன்றும் ஆகாது, ஆறு மாதம் கழித்துக் காசில் உள்ள ராஜாவின் கன்னத்தில் கடுகளவு கறுப்பாக வந்து உட்கார்ந்துகொள்ளும், அதை எதைக் கொண்டு துடைத்தாலும் துடைத்த தடம் இருக்கும், துடைத்த தடம் புள்ளியைவிட மோசம். தும்மல் வந்தால்கூட முதலில் காசை மெத்தைத் துணியில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் தும்ம வேண்டும். வேலைக்குச் சேர்ந்த அன்று கோதண்டபாணி சார் இதைச் சொன்னபோது நான் தலையை மட்டும் ஆட்டினேன், உள்ளே ஒரு நிம்மதி, பேசாமல் இருப்பதற்குச் சம்பளம் தருகிற இடம் ஒன்று எழும்பூரில், ஒரு டிராவல்ஸ் ஆபீஸின் மாடியில் இருக்கிறது, அதை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று. ஒன்றரை வருடமாகிறது. மூன்று மேசை, மூன்று விளக்கு, சன்னல்களுக்குக் கறுப்புத் துணி. பழைய காசு சேர்க்கிறவர்கள் பல ஊர்களிலிருந்து தங்கள் காசை இங்கே அனுப்புகிறார்கள். அசலா போலியா, அசல் என்றால் எவ்வளவு தேயாமல் இருக்கிறது, எழுபதுக்கு எத்தனை மதிப்பெண், இதைச் சொல்வதுதான் சாரின் தொழில், எங்கள் வேலை. சொன்ன பிறகு காசைத் தெளிவான பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, மதிப்பெண் அச்சடித்த சீட்டோடு ஒட்டி மூடித் திருப்பி அனுப்புவோம். ஸ்லாப் என்பார்கள், உடைக்காமல் திறக்க முடியாது. யாருடைய காசு என்று எங்களுக்குத் தெரியக் கூடாது. வெளி அறையில் ஷமீம் அக்கா பெயரை எல்லாம் எடுத்துவிட்டு எண் மட்டும் எழுதிய உறையில் போட்டுத் தருவாள். தட்டு முதலில் என்னிடம் வரும், என்னிடமிருந்து பிரிட்டோ அண்ணாவுக்கு, அவரிடமிருந்து சாருக்கு. ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்க முடியாது. மூன்று பேரும் முடித்த பிறகுதான் கம்ப்யூட்டர் திறந்து காட்டும், இரண்டு பேர் சொன்னது நிற்கும். அதுவரை தட்டில் இருக்கும் காசைப் பற்றி ஒருவரோடொருவர் பேசக் கூடாது, இது இரண்டாவது விதி. இரண்டு விதிகளும் என்னை மனத்தில் வைத்து எழுதியவைபோல இருக்கும் எனக்கு.

மணி பதினொன்று இருபது. வெள்ளிக்கிழமை. தட்டில் பன்னிரண்டு உறைகள், ஆறு முடிந்துவிட்டது, ஏழாவது கையில் இருக்கிறது. ஒரு காசுக்கு ஒரு நிமிடம் ஆகும், சில காசுக்கு அதுகூட ஆகாது, இதற்கு நான்கு நிமிடம் ஆகிவிட்டது. நான்கு நிமிடம் ஆனதை பிரிட்டோ அண்ணா கவனித்திருப்பார், அவர் எதையும் கவனிக்காததுபோல உட்கார்ந்திருப்பார், பிறகு டீக்கடையில் சொல்லுவார். ராஜா பக்கம்தான் முதலில் பார்த்தேன், எப்போதும் அதுதான் முதலில், கிரீடம், புருவம், காது, கன்னம், மேடான இடத்தில்தான் தேய்மானம் முதலில் தெரியும். காதுக்குக் கீழே தூண்டில் முள்போல வளைந்த ஒரு கீறல். எனக்கு அந்தக் கீறலைத் தெரியும். மனிதர்களின் முகத்தை நான் அவ்வளவு பார்ப்பதில்லை, பார்த்தால் அவர்கள் பேசத் தொடங்கிவிடுகிறார்கள், ஆனால் ஒரு காசைப் பார்த்தால் அது எனக்கு மறப்பதில்லை. பஸ்ஸில் தெரிந்த ஒருவரைக் கண்டதுபோல முதலில் ஒரு சந்தோஷம் வந்தது, அட, நீயா என்று. தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் தூக்கிச் சுவரைப் பார்த்தேன். சுவரில் எங்கள் நிறுவனத்தின் தினசரி காலண்டர். மேலே அட்டையில் இரண்டு பெரிய வட்டங்களாகக் காசின் இரண்டு பக்கமும், கீழே கிழிக்கிற தாள். தட்டளவு பெரிதாக்கிய ராஜாவின் காதுக்குக் கீழே அதே தூண்டில் முள். பக்கத்து வட்டத்தில் பூ வளையம், ஒரு ரூபாய், இந்தியா, 1939. அதே காசு. கிடைத்தற்கரியது என்று சேர்ப்பவர்கள் எல்லாரும் சொல்லும் வருடம், எங்களிடம் வந்த முதல் முப்பத்தொன்பது, போன அக்டோபரில் நான் அசல் என்று சொன்னது. ஸ்லாபுக்குள் போனது இன்று வெறும் காசாக வந்திருக்கிறது, அப்படியென்றால் யாரோ உடைத்திருக்கிறார்கள். இது அடிக்கடி நடப்பதுதான். போட்ட மதிப்பெண் போதவில்லை, இன்னொரு முறை அனுப்பினால் ஒன்று கூடும் என்று ஆசைப்பட்டு உடைத்து, முதல்முறை வருவதுபோல அனுப்புவார்கள். பிரிட்டோ அண்ணா இதற்கு மறுபிறவி கேஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்.

அதுவரை பயம் இல்லை. பிறகு காசைத் திருப்பினேன், இடது கையில்தான் பிடித்திருந்தேன், இப்போதெல்லாம் இடது கையில்தான் பிடிக்கிறேன், விளிம்பைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, விளக்குக்குக் கீழே சாய்த்து, மெல்ல உருட்டினேன். தேயாத காசில் வெளிச்சம் ஆரக்கால்களாகப் பிரிந்து வண்டிச் சக்கரம்போலச் சுற்றி வரும், அது சுற்றுவதைப் பார்ப்பதற்காகவே நான் இந்த வேலையில் இருக்கிறேன் என்றுகூடச் சொல்லலாம், யாரிடமும் சொன்னதில்லை. சக்கரம் பூ வளையத்தின் மேல் ஓடியது, இலை, மொட்டு, இலை, வருடத்துக்கு வந்தது, ஒன்று, ஒன்பது, மூன்று, கடைசி ஒன்பதின் இடது அடியில் நின்றது. நிற்கக் கூடாது. ஒரு முடி அளவு இடம், அங்கே வெளிச்சம் ஓடவில்லை, செத்துக் கிடந்தது. திரும்ப உருட்டினேன், திரும்ப அங்கே நின்றது. லென்ஸை எடுத்தேன். ஒன்பதின் வால் வளைகிற இடத்துக்கு இடப்பக்கம், ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கோடுகள், பக்கத்தில் பக்கத்தில், சுரண்டியிருக்கிறார்கள். எட்டாக இருந்தது. எட்டின் கீழ் வட்டத்தில் இடது பாதியைச் சுரண்டி எடுத்துவிட்டால் ஒன்பது. எடை சரியாக இருக்கும், வெள்ளி சரியாக இருக்கும், அளவு, விளிம்பு, ஓசை எல்லாம் சரியாக இருக்கும், உலோகம் பார்க்கிற இயந்திரம் ஒன்றும் சொல்லாது, ஏனென்றால் காசு அசல்தான், அரசாங்கம் அடித்த காசுதான், யார் வீட்டுப் பெட்டியிலும் இருக்கக்கூடிய சாதாரண முப்பத்தெட்டு, ஒரு எண்ணில் ஒரு துணுக்கு மட்டும் பொய். இயந்திரம் பார்க்காததைப் பார்ப்பதற்குத்தான் கண்ணை வைத்திருக்கிறார்கள். அந்தக் கண் நான்.

கண் என்றால் அப்படியே கண், பேச்சுக்குச் சொல்லவில்லை. போன அக்டோபரில் சாருக்கு வலது கண்ணில் புரை எடுத்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது, கறுப்புக் கண்ணாடியோடு வருவார், பிரிட்டோ அண்ணா அப்போது சேரவில்லை, மூன்றாவது மேசை காலி. ஆயுத பூஜை முடிந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ, விளக்குகளின் கழுத்தில் சந்தனப் பொட்டு காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது, லென்ஸின் பிடியில்கூடக் குங்குமம். ஷமீம் அக்கா உறையை எடுத்து வரும்போதே ஏதோ குழந்தையைத் தூக்கி வருவதுபோல இரண்டு கையாலும் எடுத்து வந்தாள். சார் காசை உறையிலிருந்து எடுத்தார், வாயை மூடிக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அருகே வைத்து, தூர வைத்து, பிறகு துணியில் வைத்துவிட்டுச் சொன்னார், "எனக்கு எல்லாம் பனி மூடுன மாதிரி இருக்கும்மா. தேய்மானம் நான் சொல்லிருவேன். அசலா இல்லையான்னு நீதான் சொல்லணும்." பிறகு காசை எடுத்து என் பக்கம் நீட்டினார். நான் வலது கையை நீட்டினேன். இதுதான், இந்த ஒரு இடம்தான், இதற்கு முன்னாலும் பின்னாலும் எதுவும் தவறில்லை. நான் இடதுகைக்காரி, எழுதுவது, ஊசி கோப்பது, காசை உருட்டுவது எல்லாம் இடது கைதான், ஆனால் காசை இடது கையால் யார் வாங்குவார்கள், அதுவும் பெரியவர் கையிலிருந்து, அதுவும் பூஜை போட்ட வாரத்தில். "நொட்டாங்கையில காசு வாங்காதடி, லட்சுமி கோச்சுக்கிட்டுப் போயிருவா" என்று அம்மா மளிகைக் கடையில் மீதிச் சில்லறை வாங்கும்போது என் இடது கையை எத்தனை தடவை தட்டிவிட்டிருப்பாள், கை தானாகவே பின்னால் போய்விடும். வாங்கிய பிறகு கையை மாற்றிக்கொண்டிருக்கலாம். சார் பார்த்துக்கொண்டிருந்தார். ஷமீம் அக்கா கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்களுக்கு முன்னால் வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினால், ஏன் மாற்றினாய் என்று கேட்பார்கள், கேட்டால் சொல்ல வேண்டும், நான் இடதுகைக்காரி சார் என்று, அது ஒன்றும் பெரிய விஷயமில்லை, அவ்வளவு சின்ன விஷயத்தைத்தான் என்னால் சொல்ல முடியாது. வலது கையிலேயே வைத்துக்கொண்டு பார்த்தேன். வலது கைக்கு உருட்ட வராது. சாய்க்க வரும், இந்தப் பக்கம், அந்தப் பக்கம். சாய்த்துப் பார்த்தேன், விளக்கு இடப்பக்கம் இருந்தது, கோடுகளும் அந்தத் திசையிலேயே ஓடின. கோடு ஓடும் திசையிலேயே வெளிச்சம் விழுந்தால் கோடு மறைந்துவிடும், குறுக்கே விழுந்தால்தான் எழுந்து நிற்கும், இதை மூன்று வருடம் இயற்பியல் படித்த எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. காசைத் துணியில் வைத்தேன். "அசல்தான் சார்." சார் கைதட்டினார். ஷமீம் அக்கா, "என் கண்ணே பட்டுரும்போல" என்று என் கன்னத்தை வழித்து நெற்றிப்பொட்டில் சொடக்குப் போட்டாள். இன்னொன்றும் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும், அது அசலாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. முப்பத்தொன்பதை நான் அதற்கு முன் கையில் பிடித்ததில்லை.

"என்ன தாட்சா, ராஜாவோட குடும்பம் நடத்துறியா?" பிரிட்டோ அண்ணா. அவர் கையில் காசு இல்லை, முந்தைய தட்டை முடித்துவிட்டு எனக்காகக் காத்திருக்கிறார், அதனால் பேசலாம். என் கையில் இருக்கிறது, அதனால் நான் பதில் சொல்ல வேண்டியதில்லை, விதி என்னைக் காப்பாற்றுகிறது, புருவத்தை மட்டும் தூக்கிக் காட்டினேன். அவர் காலையில் வந்ததும் காலண்டர் தாளைக் கிழித்து எல்லாருக்கும் ராசிபலன் படிப்பார், "நான் ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போறவன், ஆனா கடக ராசி" என்பார். இன்று எனக்கு என்ன படித்தார், கும்பம், பயணம். பயணம் என்றால் பஸ்தான். அவருடைய சிரிப்பு நல்ல சிரிப்பு, அதில் கெட்டது ஒன்றும் இல்லை, ஆனாலும் நான் இங்கிருந்து அனுப்பப்பட்டால் அவர் அதை ஒரு கதையாகச் சொல்லுவார், நல்ல கதையாகச் சொல்லுவார், காலண்டர்ல போட்ட காசு சார், காலண்டர்லயே போட்ட காசு. ஆயிரம் காலண்டர். மும்பைக்கு, கொல்கத்தாவுக்கு, சேர்ப்பவர்கள், விற்பவர்கள் எல்லாருக்கும் போனது. சார் கண்காட்சியில் மைக்கைப் பிடித்து, "எங்க பொண்ணு ஒண்ணு கண்டுபிடிச்சது" என்று சொன்னார், நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். என் வேலை நிரந்தரமானதே அந்தக் காசால்தான், அடுத்த வாரமே கடிதம் கொடுத்தார். வீட்டில் காலண்டர் டிவிக்கு மேல் தொங்குகிறது. அம்மா கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரிடம்கூடக் காட்டுகிறாள், "இத என் பொண்ணுதான் பாஸ் பண்ணுச்சு." அவர் சிலிண்டரை உருட்டிக்கொண்டே, "பாஸ் பண்ணா காசு உங்களுக்கா?" என்று கேட்டார். "இல்லப்பா, கவர்மென்ட் மாதிரி, இவ சொன்னாத்தான் செல்லும்." அன்றிலிருந்து பேங்க் பரீட்சை எழுது என்று சொல்வதை நிறுத்திவிட்டாள். நான் சொன்னால்தான் செல்லும். இப்போது சொல்ல வேண்டும்.

சொல்ல வேண்டியதில்லை, அடிக்க வேண்டும். கம்ப்யூட்டர் காத்திருக்கிறது, ஏழாவது கட்டத்தில் கோடு மினுக்கிக்கொண்டிருக்கிறது. அசல் என்றால் இரண்டு எண் அடித்து என்டர். போன முறை போட்ட அதே அறுபத்திரண்டு. போட்டால் முடிந்தது, காசு மீண்டும் பெட்டிக்குள் போய்விடும், உடைத்து அனுப்பியவர் ஒரு நாள் வருத்தப்படுவார், மதிப்பெண் கூடவில்லையே என்று, பிறகு அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார், அவர் பிள்ளைகள் பூட்டுவார்கள். உண்மையைப் போட வேண்டுமென்றால் மாற்றப்பட்டது என்பதற்கு மூன்றெழுத்துக் குறியீடு, பக்கத்துக் கட்டத்தில் காரணம், ஒரு வரியாவது. அதை அடிப்பதிலும் ஒன்றும் கஷ்டமில்லை. அடித்தேன். பெரிய முடிவெடுத்ததுபோல எல்லாம் இல்லை, விரல் அடித்துவிட்டது, வருட எண்ணில் கடைசி இலக்கம் சுரண்டப்பட்டுள்ளது, என்டர். காசை உறையில் போட்டேன். எட்டாவதை எடுத்தேன், எட்டாவது காலணா, செம்பு, தேய்ந்து தேய்ந்து ராணியின் முகம் கூழாங்கல்போல இருந்தது, அதைப் பார்ப்பது சுகமாக இருந்தது, அதனிடம் பொய் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. தட்டைத் தள்ளினேன். கை சுத்தமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன், நினைத்தவுடனே சுத்தமில்லை என்று தெரிந்தது. நான் ஒருத்தி மாற்றப்பட்டது என்று போட்டிருக்கிறேன், மற்ற இரண்டு பேரும் அசல் என்று போட்டால் காசு அசல்தான். கம்ப்யூட்டர் என் வரியை ஓரத்தில் சின்ன எழுத்தில் வைத்துக்கொள்ளும். என் மனசுக்கு மட்டும் உண்மை, ஊருக்குப் பொய், எனக்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது. ஒருவேளை அதற்காகத்தான் விரல் அவ்வளவு சுலபமாக அடித்ததோ.

கல்லூரியில் இரண்டாம் வருடம் எலக்ட்ரானிக்ஸ் மேடத்துக்கு என் குரல் கேட்காது. பெயரைப் படிப்பார், தாட்சாயணி, நான் பிரசன்ட் மேம் என்பேன், என் காதுக்கு நன்றாகக் கேட்கும், அவர் ஒரு நொடி காத்திருந்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார். அந்த ஒரு நொடிக்குள் இன்னொரு முறை சொல்ல வேண்டும், சத்தமாக, எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், சரி நாளைக்கு என்று விட்டுவிடுவேன். முதல் பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு நாளும் விடுப்பு எடுக்காமல், முழு செமஸ்டரும் நான் வரவில்லை என்று பதிவாகியிருந்தது. துறைத் தலைவரின் அறையில் அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து, "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?" என்றார், கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பியவர்போல. எனக்கும் தெரியவில்லை. குரல் வருவதற்குமுன் தொண்டையில் ஒரு படி இருக்கிறது, மற்றவர்களுக்கு அது இல்லை, அவர்கள் சமதரையில் நடந்து வந்து பேசிவிடுகிறார்கள். நான் ஏற வேண்டும்.

பிரிட்டோ அண்ணா வேகமான ஆள். ஒன்று, இரண்டு, மூன்று. நான் பார்க்கவில்லை, என் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன், ஆனால் கேட்டுக்கொண்டிருந்தேன். ஏழாவதை எடுத்ததும் நாற்காலி கிரீச்சிட்டது, நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். காசைத் துணியில் வைத்துவிட்டு ஒரு நீண்ட விசில், சத்தம் இல்லாத விசில். சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏய்," என்றார், "இது நம்ம..." சார் அங்கிருந்து தொண்டையைச் செருமினார், இரண்டாவது விதி, பிரிட்டோ அண்ணா கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு காசை எடுத்தார். அவருக்கும் கீறல் தெரிந்துவிட்டது. ஏற்கெனவே தெரிந்த காசு, ஏற்கெனவே அசல் என்று ஆனது, காலண்டரிலேயே இருக்கிறது, அதை யார் மறுபடி உருட்டப்போகிறார்கள். இரண்டு சாவி அழுந்துகிற சத்தம், டக் டக், பிறகு என்டர். மூன்றெழுத்து இல்லை, காரணம் இல்லை. இரண்டு எண். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அவர் காசைப் பார்க்கவில்லை, அவர் பார்த்தது என்னை. என் பழைய வார்த்தையைப் பார்த்து மதிப்பெண் போட்டிருக்கிறார். சாரும் அதைத்தான் பார்ப்பார். சார் கண் இப்போது நன்றாக இருக்கிறது, அவர் உருட்டிப் பார்த்தால் என்னைவிடச் சீக்கிரம் கண்டுபிடிப்பார், ஆனால் உருட்ட மாட்டார், தன் வீட்டுக் கல்யாண போட்டோவில் மாப்பிள்ளையின் பல்லை எண்ணிப் பார்க்கிறவர் உண்டா. உடைத்தவரை நினைத்தேன். முகம் இல்லை, கை மட்டும் தெரிந்தது, குறடு பிடித்த கை, பிளாஸ்டிக் மூலையில் வைத்து மெதுவாக அழுத்துகிறது, காசில் படாமல். எவ்வளவு நம்பியிருந்தால் உடைத்திருப்பார். சந்தேகம் இருக்கிறவன் பெட்டியை உடைக்க மாட்டான்.

தட்டு சாரின் மேசைக்குப் போனது. மணி பன்னிரண்டு பத்து. கீழே டிராவல்ஸ் வாசலில் ஒரு பஸ் பின்னால் வருகிறது, வரட்டும் வரட்டும் வரட்டும் என்று யாரோ தட்டுகிறார்கள். ஏழாவது காசைப் பற்றி நான் பேசக் கூடாது, அது விதி. ஆனால் காலண்டர் தட்டில் இல்லை, காலண்டரைப் பற்றிப் பேசலாம். இது எப்போது தோன்றியது என்று தெரியவில்லை, தோன்றியதும் பயமாகிவிட்டது, ஏனென்றால் விதியின் பின்னால் ஒளிந்துகொள்ள இனி இடமில்லை. இன்னொன்றும் உண்டு, எதிரில் இருப்பவர் கையில் காசு இருக்கும்போது திடீரென்று பேசக் கூடாது, திடுக்கிட்டுக் கை நழுவினால் விளிம்பு அடிபடும். அவர் ஒரு காசை உறையில் போட்டு அடுத்ததை எடுப்பதற்குள் இரண்டு நொடி இருக்கிறது, அதற்குள் பேச வேண்டும். மேடத்தின் ஒரு நொடியைவிட இது ஒரு நொடி அதிகம். முதல் காசு உறைக்குள் போனது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது. மூன்றாவது போனபோது வாயைத் திறந்தேன், காற்று வந்தது. நான்காவது வெள்ளி அரை ரூபாய், அதைச் சார் நிதானமாகப் பார்த்தார், அவர் பார்க்கும்போது உதட்டை உள்ளே மடித்துக்கொள்வார், பல் இல்லாத குழந்தைபோல இருக்கும். போனது, விட்டுவிட்டேன். ஐந்தாவதிலும் விட்டுவிட்டேன், சரி, அடுத்ததில், என்று. இந்த 'சரி அடுத்ததில்' எனக்கு எவ்வளவு பழக்கமானது, என் பாதி வாழ்க்கை இதற்குள் இருக்கிறது. சார் என்னை வேலையை விட்டு அனுப்பிவிடுவார். அனுப்பாமலும் இருக்கலாம். அனுப்பாமல், இனி என்னிடம் கேட்காமல் இருந்தால் அது இன்னும் மோசம், தட்டு வரும், நான் எண் போடுவேன், என் எண்ணுக்கு ஒரு பொருளும் இருக்காது. அம்மா டிவிக்கு மேலிருந்து காலண்டரைக் கழற்றுவாளா, கழற்றினால் சுவரில் ஆணி தெரியும், ஆணியைப் பார்க்கிறவர்களிடம் என்ன சொல்லுவாள். ஆறாவது காசு உறைக்குள் போனது. சாரின் கை ஏழாவது உறையின் பக்கம் நகர்ந்தது.

"சார்."

என் குரல்தான். எனக்கே அது யாரோ கூப்பிட்டதுபோலக் கேட்டது, அறைக்கு அது பெரிய சத்தம். பிரிட்டோ அண்ணா திரும்பினார். சாரின் கை உறைக்கு மேல் நின்றது. "என்னம்மா?"

"காலண்டர்ல இருக்கிற காசு, சார்."

"ஆமா?"

"அன்னிக்கு அத நான் வலது கையால பாத்தேன்."

சார் புரியாமல் சிரித்தார். "அதுக்கென்ன, எல்லாரும் வலது கையாலதான் பாக்குறோம்."

"எனக்கு வலது கையில உருட்ட வராது சார். சாய்ச்சுத்தான் பாத்தேன். உருட்டிப் பாக்கல. பாக்காமலே அசல்னு சொல்லிட்டேன்."

கீழே பஸ் நின்றுவிட்டது, என்ஜினை அணைத்துவிட்டார்கள். சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார், அதற்கு நிறைய நேரம் எடுத்துக்கொண்டார். பிரிட்டோ அண்ணா தன் கீபோர்டைப் பார்த்தார், தான் அடித்த இரண்டு எண்ணும் அதில் இன்னும் தெரிவதுபோல. என் முகம் கொதித்தது, ஆனால் ஒன்று, தொண்டையில் படி இல்லை, இருந்த இடத்தில் வெறும் தரை. "இன்னிக்குக் காசெல்லாம் எந்தக் கையால பாத்த?" என்று சார் கேட்டார், மெதுவாக, கோபம் இருக்கிறதா என்று அந்தக் குரலில் தேடினேன், இருந்தது, வேறு ஏதோவும் இருந்தது. இடது கையைத் தூக்கிக் காட்டினேன்.

சார் உறையிலிருந்து காசை எடுத்தார். ராஜா பக்கம் பார்த்தார். காதில் கொஞ்ச நேரம் நின்றார். சுவரைப் பார்க்கவில்லை. திருப்பினார். உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு, விளக்குக்குக் கீழே சாய்த்து, விளிம்பைப் பிடித்து உருட்டத் தொடங்கினார், இலை, மொட்டு, இலை, எனக்கு இங்கிருந்தே தெரியும் வெளிச்சம் எங்கே வருகிறது என்று. மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம், காசு கையில் இருந்தது. ஒன்று, ஒன்பது, மூன்று. என் கை நின்ற இடத்தில் அவர் கையும் நின்றது.